சுங்கைப் பட்டாணியிலிருந்து பேங்காக்கிற்கு ரயிலில் சென்று திரும்ப வழி என்ன?

கெடா வாசகி:

வணக்கம். பேங்காக்கின் சிலோம் பகுதியில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் விஜயதசமி இரவன்று நடைபெறும் ஊர்வலத்தை ஒரு முறையாவது நேரில் காண வேண்டும் என்று என் தாயார் பல ஆண்டுகளாகக் கூறி வருகிறார். வரும் நவராத்திரிக்கு அவரை அழைத்துச் செல்வதென முடிவு செய்துள்ளேன். நாங்கள் சுங்கைப் பட்டாணியில் வசிக்கிறோம். விமானம் இறங்கும்போது ஏற்படும் காதுவலியை அவரால் தாங்க முடிவதில்லை என்பதால், போகவும் வரவும் ரயிலையே நம்பியிருக்கிறோம். அவருக்கு எழுபது வயதாகப் போகிறது. சமதளத்தில் நன்றாகவே நடப்பார். முழங்கால் தேய்மானம் காரணமாகப் படி ஏறுவதுதான் சிரமம்.

பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக் வரை நேராகச் செல்லும் ரயில் ஒன்று இருந்ததாக உறவினர்கள் கூறுகின்றனர். இன்றைய கால அட்டவணையில் அப்படி எதையும் நான் காணவில்லை. எல்லையில் எவ்வளவு நேரத்தை ஒதுக்க வேண்டும், பேங்காக்கில் எந்த நிலையத்தில் இறங்குவோம், அங்கிருந்து டாக்சி இல்லாமல் சிலோமுக்குச் செல்ல இயலுமா, எந்தப் பகுதியில் அறை எடுப்பது நல்லது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். என் தம்பி சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்து அங்கே எங்களோடு சேர்ந்துகொள்வான். அவன் எந்த விமான நிலையத்திற்கு வருவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

தண்டவாளம்:

உங்கள் உறவினர்கள் கூறுவது உண்மைதான். பேங்காக்கிற்கும் பட்டர்வொர்த்திற்கும் இடையே ஓடிய அனைத்துலக விரைவு ரயில் 2016 வரை இருந்தது. மலேசியாவின் வடபகுதியில் இரட்டைப் பாதை அமைக்கப்பட்டு, மின்சார ரயில்கள் 2015இல் எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கிய பின்னர், தாய்லாந்து ரயில் எல்லையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இரு நாடுகளின் தண்டவாளமும் ஒரே மீட்டர் அகலம் கொண்டவை என்பதால் பெட்டிகள் எல்லையைக் கடக்கத் தடை ஏதும் இல்லை. விடுமுறைக் காலங்களில் கோலாலம்பூரிலிருந்து தென் தாய்லாந்தின் ஹட்யாய் நகரம் வரை சிறப்பு ரயில் விடப்படுவதும் அதனால்தான். நாள்தோறும் ஓடும் நேரடி ரயில் மட்டும் இப்போது இல்லை.

எனவே உங்கள் பயணம் இரண்டு கட்டங்களாக அமையும். முதலாவது, சுங்கைப் பட்டாணியிலிருந்து பாடாங் பெசார் வரை கொமுட்டர் ரயில். ஒன்றரை மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். இரண்டாவது, பாடாங் பெசாரிலிருந்து மாலையில் புறப்படும் தாய்லாந்து ரயில்வேயின் 46ஆம் எண் ரயில். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை இரவு முழுவதும் ஓடிக் கடந்து மறுநாள் காலையில் அது பேங்காக் சேரும். திரும்பி வருவதற்கு 45ஆம் எண் ரயில். அது பேங்காக்கிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு மறுநாள் காலையில் எல்லைக்கு வந்துவிடும்.

பாடாங் பெசார் நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வயதானவர்களோடு இந்த எல்லையைக் கடக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. மலேசியக் குடிநுழைவு முகப்பும் தாய்லாந்துக் குடிநுழைவு முகப்பும் அந்த ஒரே நிலையத்திற்குள், ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. கொமுட்டரிலிருந்து இறங்கி, நம் நாட்டு முகப்பில் கடப்பிதழைக் காட்டி, சில அடிகள் நடந்து தாய்லாந்து அதிகாரியிடம் முத்திரை பெற்று, மறுபடியும் நடைமேடைக்கே வந்து ரயிலில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். வேறு வாகனம் பிடிக்கும் தேவையே இல்லை. எல்லைக்கு அப்பால் தாய்லாந்துப் பக்கத்திலும் பாடாங் பெசார் என்ற பெயரிலேயே மற்றொரு சிறிய நிலையம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது இரண்டும் பட்டியலில் வரக்கூடும். மலேசியப் பக்கத்து நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. தாய்லாந்துச் சீட்டில் மாலை 5 மணி என்று அச்சிடப்பட்டிருந்தால் நம் கடிகாரத்தில் அது 6 மணி. கொமுட்டர் அட்டவணையோ மலேசிய நேரத்தில் இருக்கும். போகும்போது இந்த வேறுபாடு நமக்குச் சாதகமாக அமைகிறது. திரும்பும்போது நிலைமை தலைகீழ்: தாய்லாந்து நேரப்படி காலை 8 மணிக்கு வந்து சேர்ந்தால் இங்கே 9 ஆகியிருக்கும், நீங்கள் மனத்தில் குறித்து வைத்திருந்த கொமுட்டர் புறப்பட்டுப் போயிருக்கும். போகும் நாளில், ரயில் புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகப் பாடாங் பெசாரை அடைந்துவிடுவது நல்லது.

தாய்லாந்து ரயில்வேயின் டி-டிக்கெட் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் படுக்கைப் பெட்டியில் தாயாருக்குக் கீழ்ப்படுக்கையே வேண்டும், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள். மேல்படுக்கைக்குச் செங்குத்தான ஏணியில் ஏற வேண்டும், அகலமும் குறைவு. பகலில் எதிரெதிராக இருக்கும் இருக்கைகளை, மாலை கவிந்ததும் பணியாளர் ஒருவர் வந்து இழுத்துப் பொருத்தி, மெத்தையும் வெள்ளை விரிப்பும் போட்டு, திரை மாட்டிப் படுக்கையாக்கித் தருவார். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. விளக்குகள் இரவு முழுவதும் எரியும், குளிரோ கடுமையாக இருக்கும். தாயாருக்குக் காலுறையும் தடித்த சால்வையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தரப்படும் போர்வை போதாது.

அக்டோபர் மாதத்தில் தாய்லாந்துக்கு 13, 23 ஆகிய இரண்டு நாள்களும் பொது விடுமுறை. முந்தையது மன்னர் பூமிபோலின் நினைவு நாள், பிந்தையது மன்னர் சுலாலங்கோர்ன் நினைவு நாள். நவராத்திரி இவற்றை ஒட்டி வரும் ஆண்டுகளில் தென்பகுதி ரயில்களின் படுக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், போகும் சீட்டையும் வரும் சீட்டையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள்.

சிலோம்வாசி:

பேங்காக் பக்கத்து விவரங்களை நான் கூறுகிறேன். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகளாகச் சிலோமில்தான் குடியிருக்கிறேன்.

நீங்கள் இறங்கப் போவது குருங் தேப் அபிவத் மத்திய முனையம். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துவிட்டு ஹுவா லம்போங் நிலையத்தருகே அறை எடுத்துவிடாதீர்கள். 1916இல் திறக்கப்பட்ட அந்த அழகிய நிலையம் இன்றும் இயங்குகிறது என்றாலும், வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பாதைகளின் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரி 19 முதல் புதிய முனையத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன. அரண்யபிரதேத் வழியாகக் கம்போடிய எல்லைக்குச் செல்லும் கிழக்குப் பாதை ரயில்களும் சாதாரண ரயில்கள் சிலவும்தான் பழைய இடத்தில் எஞ்சியுள்ளன. புதிய முனையம் இருக்கும் இடம் பாங் சூ. டாக்சி ஓட்டுநர்களிடமும் அப்பெயரைச் சொன்னால் போதும்.

முனையத்திற்குக் கீழேயே எம்ஆர்டி நகர ரயிலின் நீலப் பாதைக்குரிய பாங் சூ நிலையம் உள்ளது. மின்தூக்கியில் இறங்கினால் போதும், சாலையைக் கடக்க வேண்டியதில்லை. அங்கிருந்து அரை மணி நேரத்தில், வண்டி மாறாமல், சிலோம் நிலையத்தை அடைந்துவிடலாம். நீலப் பாதை ஏறத்தாழ வட்டமாகச் சுற்றி வருவதால் பாங் சூவிலிருந்து இரு திசைகளிலும் ரயில்கள் புறப்படும். நீங்கள் ஏற வேண்டியது சதுசாக், சுகும்வித் வழியாகச் செல்வதில். எதிர்த்திசை ரயில் தா ப்ரா வழியாக நகரின் மேற்குப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும்.

இங்கேதான் தங்குமிடத்தைப் பற்றிய என் கருத்தைச் சொல்ல வேண்டும். பலர் ஆலயத்திற்கு மிக அருகில் அறை தேடுகிறார்கள். ஆலயம் பான் சாலையும் சிலோம் சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. அதற்கு அருகில் இருப்பவை சுரசாக், செயின்ட் லூயிஸ் ஆகிய பிடிஎஸ் மேம்பால ரயில் நிலையங்கள். எம்ஆர்டியும் பிடிஎஸ்ஸும் வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருப்பவை. ஒன்றின் ஒருவழிச் சீட்டு மற்றொன்றில் செல்லாது. பெட்டிகளோடு சிலோம் எம்ஆர்டியிலிருந்து மேலேறி, சாலா தேங் பிடிஎஸ் நிலையத்திற்கு நடந்து, மறுபடியும் சீட்டு வாங்கி இரண்டு மூன்று நிறுத்தங்கள் போவது உங்கள் தாயாருக்குத் தேவையற்ற அலைச்சல். சாலையின் கிழக்கு முனையில், சிலோம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சமதளமாக நடந்து போகும் தொலைவில் அறை எடுத்தால், பெட்டிகளோடு செல்லும் இரண்டு நாள்களும் ஒரே ரயிலில் முடிந்துவிடும். ஆலயத்திற்குக் கைவீசிக்கொண்டு போகலாம் அல்லவா? பிடிஎஸ் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கிகள் வந்ததே, மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகுதான். இருந்தாலும் எந்த வாயிலில் மின்தூக்கி இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

விஜயதசமி நாளின் நிலைமை முற்றிலும் வேறு. மாலையிலிருந்தே சிலோம் சாலையும் அதையொட்டிய தெருக்களும் வாகனங்களுக்கு மூடப்படும். பக்தர்கள் சாலையோரம் நெடுகச் சாமந்திப் பூவும் மஞ்சளும் விளக்கும் வைத்துப் படையல் மேடைகள் அமைத்துவிடுவார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களும் சீன வம்சாவளியினருமே. அம்மன் வரும் வழியெங்கும் தேங்காய்கள் சிதறும். செருப்பில்லாமல் தாயாரை நடக்க விடாதீர்கள். ஊர்வலம் நள்ளிரவு வரை நீள்வதுண்டு, ரயில்களோ நள்ளிரவோடு நின்றுவிடும். ஆகவே ஆலய வாசலில் இடம் பிடிக்க முயல வேண்டாம். நெரிசல் சற்றுக் குறைந்த, நடந்தே அறைக்குத் திரும்பக்கூடிய ஓரிடத்தில் மாலையிலேயே நாற்காலி போட்டு அமர்த்திவிடுங்கள். அம்மனைக் கண்ணாரக் காணவும் முடியும், களைத்தால் எழுந்து போகவும் முடியும்.

உங்கள் தம்பி சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால், 2010இல் தொடங்கப்பட்ட விமான நிலைய ரயிலில் மக்காசான் வரை வந்து, இணைப்புப் பாலத்தின் வழியே பெட்சபுரி எம்ஆர்டிக்கு மாறி, அதே நீலப் பாதையில் சிலோமுக்கு வந்துவிடலாம். டொன் முவாங்கில் இறங்கினாலும் கவலையில்லை. அங்கிருந்து சிவப்புப் பாதை ரயில் நேரே குருங் தேப் அபிவத் முனையத்திற்கு வருகிறது. அவரும் அதே காலையில் வந்து சேருவதாக இருந்தால் டொன் முவாங்கையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முனையத்திலேயே சந்தித்துவிடலாம், தாயாரின் பெட்டியைத் தூக்க ஓர் ஆள் கிடைத்ததாகவும் இருக்கும்.

எல்லைக்கோடு:

மேலே சொன்னவற்றோடு ஒரு மாற்று யோசனையை முன்வைக்க விரும்புகிறேன். பாடாங் பெசாரிலிருந்து பேங்காக்கிற்குப் புறப்படும் ரயில் நாளொன்றுக்கு ஒன்றுதான். அதில் படுக்கை கிடைக்காவிட்டால் திட்டமே சரிந்துவிடும். ஹட்யாயிலிருந்தோ பிற்பகலிலும் மாலையிலும் பேங்காக்கிற்குப் பல ரயில்கள் இருக்கின்றன. அவற்றுள் 32ஆம் எண் சிறப்பு விரைவு ரயிலில், 2016இல் சேவைக்கு வந்த சீனத் தயாரிப்புப் பெட்டிகள் இணைக்கப்பட்டுள்ளன. பழைய பெட்டிகளைவிட அவை எவ்வளவோ மேல். முதல் நாள் பேருந்தில் ஹட்யாய் சென்று, இரவு தங்கி ஓய்வெடுத்து, மறுநாள் ரயில் ஏறினால் தாயாருக்கும் உடல்நலம் கெடாது. ஹட்யாய் நம்மவர்களுக்குப் புதிய ஊரும் அல்லவே.

நீங்கள் போவது அக்டோபர் என்றால் பெருமழைக்கு முன்பாகத் திரும்பிவிடுவீர்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று தென் தாய்லாந்தின் கிழக்குக் கரையைத் தாக்கும்போது தண்டவாளமே நீரில் மூழ்குவதுண்டு. அக்காலத்தில் இப்பாதையை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றொன்று. கிளந்தான் வழியாக ரந்தாவ் பாஞ்சாங்கைக் கடந்து சுங்கை கோலோக்கில் ரயில் ஏறலாம் என்று யாரேனும் கூறினால் ஏற்காதீர்கள். அந்தப் பாதை நராதிவாத், யாலா மாநிலங்களின் ஊடாகச் செல்கிறது. அங்கே பல்லாண்டுகளாகப் பாதுகாப்பு நிலைமை சரியில்லை.

தண்டவாளம்:

எல்லைக்கோடு ஐயா கூறும் ஹட்யாய்த் திட்டம் இளைஞர்களுக்குப் பொருந்தும். இந்த அம்மையாருக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். பேருந்தில் சென்றால் மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஈத்தாமில் இறங்கி, மறுபடி ஏறி, தாய்லாந்துப் பக்கத்துச் சாவடியான சாடாவில் மீண்டும் இறங்கி, பெட்டிகளையும் சுமந்துகொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ குறுக்கிட்டால் அவ்வரிசை மணிக்கணக்கில் நீளும். மேலும், தாய்லாந்தின் பழைய நிலையங்கள் பலவற்றில் நடைமேடை தாழ்வாகவும் பெட்டியின் வாசல் உயரமாகவும் இருப்பதால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரும்புப் படிகளில் ஏற வேண்டியிருக்கும். பாடாங் பெசாரில் நம் மின்சார ரயில்களுக்காகக் கட்டப்பட்ட உயர்ந்த நடைமேடை இருப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எனினும், 46இல் படுக்கை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அப்போது ஹட்யாயிலிருந்து படுக்கையை எடுத்துக்கொண்டு, பாடாங் பெசாரிலிருந்து ஹட்யாய்க்கு நாளில் இரு முறை செல்லும் இணைப்பு ரயிலைப் பிடிக்கலாம். ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். அப்படியும் பேருந்து தேவைப்படாது.

கெடா வாசகி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அம்மா ஒன்பது நாளும் சைவ உணவு மட்டுமே உட்கொள்வார். வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. ரயிலிலும் பேங்காக்கிலும் அதற்கு என்ன வழி? அடுத்து, ஊர்வலத்திற்கு மறுநாளே ஊர் திரும்பப் புறப்படுவது சரியாக இருக்குமா?

சிலோம்வாசி:

அம்மா செல்லும் காலம் அந்த வகையில் மிகப் பொருத்தமானது. நம் நாட்டுச் சீனர்கள் கொண்டாடும் ஒன்பது பேரரசர் விழா பெரும்பாலும் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். பேங்காக்கில் அந்த நாள்களில் கடைதோறும் மஞ்சள் கொடி தொங்கும். அக்கொடி கட்டிய கடைகளில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் வெங்காயம், பூண்டையும் விலக்கியே சமைக்கிறார்கள். நீலப் பாதையில் வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கினால் சீன நகரான யாவரத். அங்கே தெரு முழுவதும் இத்தகைய உணவுதான். இந்திய உணவே வேண்டுமென்றால் அதற்கு அடுத்த நிலையமான சாம் யோட்டில் இறங்கிப் பாஹுரத் பகுதிக்குச் செல்லலாம். ரயிலில் மட்டும் எதையும் நம்ப வேண்டாம். புளிச்சோறும் தயிர்சோறும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அம்மாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாளே புறப்படலாம். ரயில் பிற்பகலில்தான் என்பதால் காலையில் தாராளமாக உறங்கி எழலாம். முனையத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். கூடம் மிகப் பெரியது, வாயிலைத் தேடுவதற்கே நேரம் பிடிக்கும். பயணிகளை ரயில் வந்த பிறகே மேலே நடைமேடைக்கு அனுப்புகிறார்கள். வயதானவரோடு இருக்கிறீர்கள் என்பதை வாயிலில் உள்ள ஊழியரிடம் முன்னமே கூறி, மின்தூக்கி எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம்:

ஒன்று விடுபட்டுவிட்டது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும், எல்லையை ரயிலில் கடப்பவர் உட்பட, இணையவழி வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அதை இலவசமாகச் செய்யலாம். தேடுபொறியில் முதலில் தோன்றும் தளங்கள் சில இதற்குக் கட்டணம் கேட்கும். அவற்றைத் திறக்க வேண்டாம். தங்குமிடத்தின் முகவரி கேட்கப்படும் என்பதால் அறையை அதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். அம்மாவின் அட்டையையும் உங்களுடையதையும் அச்சிட்டுக் கடப்பிதழுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்துப் பணத்தையும் சுங்கைப் பட்டாணியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.